ஆடாமப் புடிங்க

பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது. கழற்றி, துவைக்கிற கல்லின்மேல் பழைய பனியன் துணியை விரித்து, வெயில் படாத ஓரமாகப் பார்த்து வைத்தும் ஆகிவிட்டது. அதோ இருக்கிறது, கறுப்பாக, சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக. இருந்தும் நாச்சிமுத்து இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஏறின பிறகு யோசிக்கிற மனைவி சுலோச்சனாவை ஆயுசு பூராவும் கேலி பண்ணியவர், இப்போது ஒரு பிளேடைத் தொடுவதற்கு முன்னால் நாலாபக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மகள் நித்திலா பெங்களூரிலிருந்து அனுப்பிய மெஷின். வேலி வெட்டுகிற மெஷின். வந்த அன்றைக்கே போனில் படித்துப் படித்துச் சொன்னாள், அப்பா, சுத்தம் பண்றதுக்கு முன்னாடி பேட்டரியக் கழட்டிரோணும், கையுறை போட்டுக்கோணும், தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது. சரிம்மா. மோட்டார் பம்புக் கம்பெனி டிராயிங் ஆபீசில் தலை நரைத்தவனுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டுமா? கூட வந்த சிறு புத்தகத்தில் எல்லாம் படமாகவே போட்டிருக்கிறது. பிளேடுக்குப் பக்கத்தில் ஒரு கை, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அந்தக் கையை வரைந்தவன் யாரோ, நல்ல கோடு, ஐந்து விரலும் ஒரே கனத்தில், எங்கேயும் பிசிறு இல்லை. அந்தப் படத்தை அவர் அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தன் வலது கையைப் பார்க்கமாட்டார். இப்போதும் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் தெரியாமல் போய்விடுமா என்ன, மடியில் கிடந்தபடியே கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டிருக்கிறது, யாரோ விபூதித் தட்டை நீட்டி, இவர் ஒரு சிட்டிகை எடுத்து, எடுத்து, எடுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி.

கையுறைக்குள் விட்டுவிட்டால் தெரியாது. விட்டுக்கொண்டார். பிரஷ்ஷை எடுத்து பிளேடின் பல் இடுக்குகளில் சிக்கியிருந்த இலைத்தூளைத் தட்டினார். வேலிச்செடி டுரண்டாவின் இலை, காய்ந்து பச்சைப் பொடியாகிவிட்டது, அதன்மேல் பிசின். ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும், அடியிலிருந்து நுனிக்கு. நுனியிலிருந்து அடிக்குக் கை வந்தால் சீவிவிடும். அடியிலிருந்து நுனிக்கு. பிரஷ் பிடித்த கை தேய்க்கிற வரைக்கும் ஒழுங்காகத்தான் இருக்கிறது, அதுதான் ஆச்சரியம், வேலை கொடுத்தால் சொன்னபடி கேட்கிறது, சும்மா இருக்கச் சொன்னால்தான் கேட்கமாட்டேன் என்கிறது. ஆபீஸில் ராஜப்பா என்று ஒருவன் இருந்தான், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் மேஜையெல்லாம் டீ. எல்லோரும் சிரிப்பார்கள். நாச்சிமுத்துவும் சிரித்திருக்கிறார். ராஜப்பாவுக்கு அது வெறும் படபடப்பு. இது படபடப்பு இல்லை. இது அப்பாவின் கை. அப்பாவின் கை கடைசிக் காலத்தில் இப்படித்தான் வேட்டி மடிப்பை உருட்டிக்கொண்டே கிடந்தது. அப்புறம் சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் தோளுக்குக் கொண்டுபோனது. அம்மா பிசைந்து உருட்டி ஊட்டினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வார். கண்ணை ஏன் மூடிக்கொண்டார் என்று அப்போது புரியவில்லை. அந்த வாயும் மூடின கண்ணும் நாச்சிமுத்துவுக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கின்றன. அதனால்தான் டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். பெயர் வைத்துவிட்டால் சுலோச்சனாவிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவள் அந்த நிமிஷத்திலிருந்து தட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள், இவர் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். வேண்டாம். அடியிலிருந்து நுனிக்கு.

"ஏனுங்க, இன்னும் எத்தன நேரம் அதையவே தடவிட்டு இருப்பீங்க? ராகுகாலம் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்து வெச்சுப் பூசையப் போடோணும்." உள்ளேயிருந்து சுலோச்சனா. ஆயுத பூஜை என்றால் அவளுக்கு வெறி பிடித்துவிடும். விடிந்ததிலிருந்து கடப்பாரை, அரிவாள், மண்வெட்டி, சைக்கிள் எல்லாம் குழாயடியில் குளித்து முடித்துவிட்டன. இந்த மெஷினையும் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வாளித் தண்ணி ஊத்துனா என்னாயிருமுங்க, வருசத்துக்கு ஒருநாள் அதும் குளிக்கட்டுமே என்றாள். அவர் கத்தினார். கத்தவேண்டிய அளவுக்கு அதில் ஒன்றுமில்லை, மோட்டாருக்குள் தண்ணீர் போகும், பேட்டரி மாட்டுகிற இடத்துச் செம்புத் தகடு களிம்பு பிடிக்கும், பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் அவருக்கு முதலில் கோபம்தான் வருகிறது. கோபத்துக்கும் கைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. கோபமாகக் கையை ஆட்டினால் அது நடுக்கமாகத் தெரியாது. இப்படி எத்தனை கண்டுபிடிப்புகள். பேப்பரை மேஜையில் போட்டுப் படித்தால் தெரியாது. படுக்கும்போது கையைத் தலையணைக்கு அடியில் வைத்தால் தெரியாது. கல்யாண வீட்டில் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டால் தெரியாது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்ட கண்டுபிடிப்பு இந்த மெஷின்தான். இதைப் பிடித்து ஓடவிட்டால் கையே அதிரும், தோள்வரைக்கும் அதிரும், யாருக்கானாலும் அதிரும். அந்த அதிர்வுக்குள் எது மெஷினுடையது, எது தன்னுடையது என்று அவருக்கே தெரியாது. முதல் நாள் அதை ஓடவிட்டபோது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்துக்கு அவருக்கு நோயே இல்லை. அதனால்தான் வாரம் தவறாமல் வேலியை வெட்டினார். வளர்வதற்கு முன்னால் வெட்டினார். எதிர்வீட்டுக்காரர், என்னங்க நாச்சிமுத்து, வேலிக்கு மொட்டையே போட்டுட்டீங்களே, முடிகாணிக்கை எந்தக் கோயிலுக்கு என்று சிரித்தார். நாச்சிமுத்துவும் சிரித்துவைத்தார். இடுப்புயரம் இருந்த வேலி இப்போது முழங்காலுக்கு வந்துவிட்டது. அதற்குக் கீழே இனி வெட்ட இலை இல்லை, குச்சிதான்.

பிளேடைத் திருப்பும்போது ரப்பர் கட்டு கண்ணில் பட்டது. பட்டதும் பார்வையை நகர்த்திக்கொண்டார். சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய துண்டு. முன்பிடியில் ஒரு பட்டை, பின்பிடியில் ஒரு விசை, இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் மெஷின் ஓடும், ஒன்றை விட்டாலும் நின்றுவிடும். ஒரு கையை பிளேடுக்குப் பக்கத்தில் விட்டுக்கொண்டு எந்த மடையனும் ஓட்டிவிடக் கூடாது என்று நல்ல புத்தியுள்ள யாரோ செய்த ஏற்பாடு. போன மாதம் அது திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தது. மெஷினில் கோளாறு என்றுதான் முதலில் நம்பினார், நம்ப விரும்பினார். பிறகு தெரிந்தது, வலது கை விசையை விட்டு விட்டுப் பிடிக்கிறது. கையை மாற்றினார். இடது கை பின்னால், வலது கை முன்னால். முன்னாலும் பட்டையை அழுத்திப் பிடிக்க அதனால் முடியவில்லை. அப்போதுதான் டியூபை வெட்டி, பட்டையை அழுத்தி, பிடியோடு சேர்த்து இறுகச் சுற்றிக் கட்டினார். இனி பின்விசை ஒன்று போதும். கட்டின அன்றைக்குத் தன்மேல் அவருக்கு வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமில்லை. அளவில் நூலிழை தப்பினால் மொத்தத் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தவன். சின்னப் பையன்களிடம், பாதுகாப்புக்கு வெச்ச ஒரு கோடு இருந்தாலும் அத விட்டுப்போட்டு வரையாதீங்கடா என்று சொன்னவன். சரி, தான் ஒருத்தன்தானே இதைத் தொடுகிறோம். பேட்டரியைக் கழற்றாமல் பிளேடைத் தொடுவதில்லையே. திரும்பிப் பார்த்தார். கல்லின்மேல் பேட்டரி இருந்தது.

எண்ணெய் போட வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் போதும், சுலோச்சனாவின் அறையில் இருக்கிறது. எழுந்து மெஷினைப் பலகைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். வழியில் அவள் மாவிலைக் கொத்தோடு எதிரில் வந்தாள், "நீங்க போங்க, நான் பொறத்தால இருக்கறதையெல்லாம் ஒழுங்கு பண்ணிப்போட்டு வர்றேன்" என்று பின்வாசல் பக்கம் போனாள். தையல் மெஷின் மூடி திறந்து, துடைத்து, மினுமினுவென்று உட்கார்ந்திருந்தது. அதில் ஊசி இருந்தது. போன வருஷம் ஊசி உடைந்து கிடந்தது, பண்டிகை நாளில் கடை கடையாக அவரை அலையவிட்டுப் புது ஊசி வாங்கி மாட்டின பிறகுதான் பொட்டு வைத்தாள். மூளியா இருக்கற சாமானுக்குப் பொட்டு வெக்கக் கூடாதுங்க, நல்லதில்ல என்றாள். அந்தத் தெருவில் பாதி ஜாக்கெட் அவள் தைத்தது. கொக்கி வைத்து முடித்து நூலைப் பல்லால் கடிக்கும்போது அவள் விரல்களைப் பார்க்க வேண்டும், ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுபோல வேலை செய்யும். எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திறந்து சின்னக் கிண்ணத்தில் சாய்த்தார். கை குலுங்கியது. கிண்ணத்தில் விழுந்தது பாதி, அவள் நேற்று வெட்டி வைத்திருந்த யாருடையதோ ஊதாப் பட்டுத்துணியில் விழுந்தது பாதி. பட்டில் எண்ணெய் பெரிதாகிக்கொண்டே போனது. துண்டால் ஒற்றினார், இன்னும் பெரிதானது. துணியை மடித்து எண்ணெய் தெரியாமல் உள்பக்கமாக வைத்தார். வேறு துணியை அதன்மேல் வைத்தார். திருடன் மாதிரி. தன் வீட்டில், தன் பெண்டாட்டியின் துணியை மடித்து மறைத்து வைக்கிற திருடன். கேட்டால் என்ன சொல்வது? பூனை தட்டிவிட்டது என்று சொல்லலாம். இந்த வீட்டில் பூனை இல்லை. ஜன்னல் வழியாக வந்தது என்று சொல்லலாம். பொய் சொல்லுவதற்குக்கூட இனி வரைபடம் போட வேண்டும்போல.

இந்தப் பூனை யோசனையிலேயே திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்து மெஷினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் கனத்தது. கனக்கத்தான் செய்யும், இனி எல்லாமே கனக்கும், கையில் வலு குறைந்துகொண்டே வருகிறது, அப்பாவுக்கும் கடைசியில் சொம்பு கனத்தது. கல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெயைத் துணியில் தொட்டு இடது கையால் பிளேடில் இழுத்தார். பட்டில் எண்ணெய் இந்நேரம் எவ்வளவு தூரம் போயிருக்கும்? கையுறை எண்ணெயில் வழுக்கியது, கழற்றிப் போட்டார். கழற்றினதும் வலது கை தன் விபூதியை எடுக்கத் தொடங்கிவிட்டது. சுலோச்சனா பித்தளைக் கிண்ணத்தில் சந்தனமும், தோளில் செவ்வந்திச் சரமுமாக வந்துகொண்டிருந்தாள். வலது கையை எங்கே வைப்பது? இடது கையால் முன்பிடியைத் தாங்கி, வலதைப் பின்பிடியின் வளையத்துக்குள் நுழைத்து இறுகப் பிடித்துக்கொண்டார். இறுகப் பிடித்தால் தெரியாது. ஆள்காட்டி விரல் விசையின்மேல் பழகின இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குளித்த தலை, நுனியில் முடிச்சு, நெற்றியில் விபூதியும் குங்குமமும். "இப்பத்தான் லட்சணமா இருக்குது" என்று மெஷினைச் சொன்னாள். மோதிர விரலால் சந்தனம் தொட்டு உறையில்லாத பிளேடின் அடியில் ஒரு பொட்டு, நடுவில் ஒரு பொட்டு, நுனியில் ஒரு பொட்டு. ஒன்றொன்றின் மேலும் குங்குமம். போதும் என்றார். "பூ வெக்காம எப்படிங்க? ஆடாமப் புடிங்க" என்றாள். தோளிலிருந்து சரத்தை எடுத்துப் பல்லிடுக்குகளில் உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். கொக்கி தைக்கிற விரல்கள். ஒரு பல், அதற்குள் சுண்டுவிரல், அடுத்த பல், அதற்குள் கட்டைவிரல். ஆடாமப் புடிங்க என்கிறாளே. ஆடுவது தெரிந்துவிட்டதா? இல்லை, பேச்சுக்குச் சொல்கிறாள். பிளேடு நுனி லேசாக ஆடத்தான் செய்கிறது. பார்வையை அங்கிருந்து எடுத்து வேறெங்காவது வைக்க வேண்டும் என்று துவைக்கிற கல்லைப் பார்த்தார். பனியன் துணி இருந்தது. துணிமேல் ஒன்றுமில்லை. காக்கை தூக்கிக்கொண்டு போயிருக்குமோ என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தார். அவ்வளவு கனத்தைக் காக்கை எப்படித் தூக்கும்? கனம். மெஷின் கனத்தது. தலையைக் குனிய வேண்டியதில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் குனிந்து பார்த்தார். மெஷினின் வால்பக்கத்தில், அது இருக்கவேண்டிய இடத்தில், கறுப்பாக, கச்சிதமாக, பேட்டரி. அதை சார்ஜில் போடுவதும் எடுப்பதும் எப்போதும் அவள்தான். மூளியாக வைக்கக் கூடாதென்று மாட்டியிருக்கிறாள். முன்பட்டையைத் தான் கட்டியிருக்கிறோம். மீதி இருப்பது ஒரு விசை, அதன்மேல் இந்த விரல். விரலை எடு. விரலை எடுடா. எடுக்கச் சொன்னால் அது முதலில் உள்பக்கம் ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் வெளியே வரும், இத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, சட்டைப் பித்தானைப் போட, சாவியை விட, எதற்கு ஏவினாலும் முதலில் ஒரு வெட்டு, பிறகுதான் அசைவு. மெஷினைத் தன் பக்கம் இழுத்தால்? பல்லுக்குள் அவள் விரல் இருக்கிறது. இடது கையை விட்டால் பிளேடு அவள் மடியில் சாயும். விசை விரலுக்கடியில் கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் ஏறி, மறுபடி கொஞ்சம் இறங்கியது. மிச்சம் இருப்பது வாய் ஒன்றுதான். சாமி, இவளுடைய விரல்.

"சுலோ. கைய எடு."

"இருங்க, முடிச்சுப் போட்டுக்கறேன்."

இவள் இப்படித்தான். ஏன் என்று தெரியாமல் எதையும் விடமாட்டாள். கத்தலாம், கத்தினால் திடுக்கிட்டு அசைவாள். கோபம் இந்தத் தடவை வரவில்லை. வந்தது வேறு குரல், மெதுவாக, அவருக்கே யாருடையது என்று தெரியாத குரல். "சுலோ, என் கை நடுங்குது. ரொம்ப நாளா நடுங்குது. என்னால நிறுத்த முடியல. பேட்டரி உள்ள இருக்குது. மெல்ல விரல வெளிய எடு, கண்ணு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிளேடைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள். பார்த்தபடியே ஒரு விரலை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள், இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவர் மூச்சை விட்டார். விட்டதும் விரல் இழுத்தது. மெஷின் ஒரு கத்து கத்தியது. செவ்வந்திச் சரம் தூள்தூளாகி அவள் மடியெல்லாம், தலையெல்லாம், சந்தனக் கிண்ணமெல்லாம் மஞ்சளாகக் கொட்டியது. பிறகு நின்றது. எங்கேயோ ஒரு லாரிக்குப் பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

சுலோச்சனா தன் விரல்களை விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அவையும் நடுங்கிக்கொண்டிருந்தன. எழுந்து வந்து அவர் பக்கத்தில் குந்தி, விசையிலிருந்து அவர் விரலைப் பிரித்தாள், பிறகு பேட்டரியின் இரண்டு பக்கமும் அழுத்தி உருவிக் கல்லின்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "நாந்தான் மாட்டுனேன்" என்றாள். "மூளியாக் கெடக்குதேன்னு நாந்தான் மாட்டுனேன்." அப்போதுதான் முன்பிடியில் சுற்றியிருந்த டியூபைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். "இது என்ன கட்டு?"

சொன்னார். கட்டைப் பற்றிச் சொல்லப் போனால் கையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது, கையைப் பற்றிச் சொல்லப் போனால் அப்பாவைப் பற்றி, அப்புறம் ஊதாப் பட்டைப் பற்றி. பூனையைக்கூடச் சொல்லிவிட்டார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வந்த கோபத்தை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

"தலகாணிக்கு அடியில கைய வெச்சுட்டுப் படுத்தப்பல்லாம் கேட்டேனே, மரத்துப் போவுமேன்னு. பழக்கமாயிருச்சுன்னீங்க. என்கிட்ட மறைக்கோணும்னு இதக் கட்டி வெச்சிருக்கறீங்க. உங்க கை நடுங்குனா நான் என்ன உங்கள வேண்டாம்னு போயிருவனா? இந்நேரம் என் விரல் போயிருந்தா அதைய எந்தத் தலகாணிக்கு அடியில வெச்சு மறைச்சிருப்பீங்க?"

அவருக்கு அழுகை வந்தது, அழுதார். வலது கை மடியில் கிடந்து தன் போக்கில் உருட்டிக்கொண்டிருந்தது, அதை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை, தோன்றாததே விசித்திரமாக இருந்தது. சுலோச்சனா உள்ளே போய்த் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்து டியூபை நறுக்கினாள். முன்பட்டை டக்கென்று மேலே எழும்பி நின்றது. நறுக்கின துண்டைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, உதிர்ந்த பூவைக் கூட்டி அள்ளி, பிளேடுக்கு உறையைப் போட்டு மூடினாள். பூஜை அறையில் வாழையிலைமேல் மெஷினை ஒரு பக்கம் வைத்தாள், பேட்டரியை விளக்கு அனல் படாத தூரத்தில் தனியாக இன்னொரு பக்கம் வைத்தாள். இரண்டுக்கும் தனித்தனியாகப் பொட்டு. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மூளியா இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றாள், அவர் பக்கம் திரும்பாமலே. "நாளைக்கு விஜயதசமி. டாக்டரு இருக்கறாரான்னு நித்திலாவ விட்டுக் கேக்கச் சொல்லோணும்."

சரி என்றார். சுலோச்சனா கற்பூரம் காட்டினாள், மணி அடித்தாள். கடப்பாரை, அரிவாள், தையல் மெஷின், அவருடைய பழைய டிராயிங் பெட்டி, எல்லாவற்றின்மேலும் வெளிச்சம் ஒருமுறை போய் வந்தது. பிறகு விபூதித் தட்டை அவர் முன்னால் நீட்டினாள். மறைத்துப் பழகியதில் இடது கை முன்னால் வந்தது, அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினார். விரல்கள் தட்டின் விளிம்பில் தட்டின, விபூதி சிந்தியது, எடுத்தது நெற்றிக்குப் போவதற்குள் உதிர்ந்து போனது. அவள் எடுத்துப் பூசிவிடப் போகிறாள், கண்ணை மூடிக்கொண்டுவிடலாம் என்று நினைத்தார். அவள் பூசிவிடவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்தாள்.

"மறுபடியும் எடுங்க" என்றாள். "நான் ஆடாமப் புடிச்சுக்கறேன்."